கேட்காமல் தொட்ட பூட்டு

என் வீட்டுக்காரருக்கு எதற்கெடுத்தாலும் ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம். தீக்குச்சி முதல் உரசலில் பற்றினால் ஸ்தோத்திரம். பற்றாவிட்டால், பெட்டியில் இன்னொரு குச்சி இருக்கிறதே என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். கரண்ட் வந்தால் சொல்வார், போனாலும் சொல்வார். கல்யாணமான புதிதில் எனக்கு இது தமாஷாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, பிறகு குறட்டை பழகிப்போவது போல அதுவும் பழகிவிட்டது.

அவர் சாவிக்காரர். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு கதவு அகலத்தில் கடை. சுவரெல்லாம் வெட்டாத சாவிகள் தொங்கும். அவர் சட்டை மடிப்பில் எந்நேரமும் பித்தளைத் தூள் இருக்கும். துவைத்துத் துவைத்து என் விரலிடுக்கிலும் அது ஏறிவிட்டது. தெருவில் யாரும் அதைச் சாவிக்கடை என்று சொல்வதில்லை. "ஸ்தோத்திரம் கடைக்குப் போய்ட்டு வா" என்றுதான் அனுப்புவார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உரியவர் வாயால் சொல்லாமல் எந்தப் பூட்டையும் தொடமாட்டார். ஒருமுறை டை கட்டிய ஒரு ஆள் கடை வாசலில் நின்று குதித்தான். "நான் அந்த வீட்டு மாப்பிள்ளைய்யா! மாமியார் ஊருக்குப் போயிருக்காங்க. வந்து திறந்து விடுய்யா!" இவர் அசையவே இல்லை. "மாமியாரை ஒரு வார்த்தை போன்ல சொல்லச் சொல்லுங்க தம்பி, ஓடி வர்றேன்." மாமியார் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை திட்டிவிட்டுப் போனான். "வந்த கிராக்கியை விரட்டிட்டு உக்காந்திருக்கீங்களே, இதுக்கும் ஸ்தோத்திரமா?" என்று நான் கேட்டேன். "அடுத்தவங்க கதவை எனக்குத் திறக்கத் தெரியும்ல, அதனாலதான் பயந்து நடக்கணும்" என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் இதுதான் எங்கள் தலையில் வந்து விடிந்தது.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. ரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டதில் சத்தமில்லாமல் போயிருக்கின்றன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒட்டவைத்து ஓர் ஆபரேஷன் செய்தார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ரத்தம் ஓடுவது தெரியும். காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பது. ஓடினால் அன்றைய பொழுது எங்களுடையது.

குடிக்கிற தண்ணீரும் அளவுதான். நாளெல்லாம் ஒரு சின்ன பாட்டில். டீ குடித்தால் அதில் கழித்துக்கொள்ள வேண்டும். கோடையில் அவர் ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு அரத்தால் சாவி ராவுவதைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரியும். சிஸ்டர் அந்தத் தடித்த ஊசியை ஏற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்பார்.

"அங்கிள், வலிக்குதுன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்பாள் அந்தப் பெண்.

"வலிக்குதும்மா. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

பிறகு கையில் ஓட்டம் குறைய ஆரம்பித்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ரொம்ப நாள் தாங்காது. அடைச்சுக்கிட்டா கழுத்துல குழாய் போடணும், அதுல கிருமி புகுந்தா உயிருக்கே ஆபத்து. மாற்றுக் கிட்னிக்கு வழி பாருங்க. உங்களோடது பொருந்தலையேம்மா. கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?"

இருந்தான் ஒருவன். என் கொழுந்தன், வயரிங் வேலைக்காரன். வாட்டசாட்டமான உடம்பு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. ஆனால் ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே முகம் வெளுத்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையனாக அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர்கள் அப்பா ஆபரேஷன் அறையிலிருந்து உயிரோடு திரும்பாமல் போனார். அப்படியும் அண்ணனுக்காக வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தான். பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். நான் அங்கேயே அழுதேன். அவன் மட்டும் தரையைப் பார்த்தபடி, "பாக்கலாம் அண்ணி" என்றான்.

பார்க்கலாம் என்றால் பார்க்கலாம்தான், சரி என்று அர்த்தமில்லை. எனக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயம் என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போனதுதான் கொடுமை.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று நாலு பேர் அறிய நன்றி சொல்வார்கள். அந்த வாரம் போதகர், கேட்டதைப் பெற்றுக்கொண்டதாகவே நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள் என்று பிரசங்கம் செய்திருந்தார். இவருக்கு அது போதாதா? எழுந்துவிட்டார்.

"ஆண்டவர் எனக்கு என் தம்பி மூலமா ஒரு கிட்னி தந்துட்டார். இன்னும் வரல, ஆனா வந்தாச்சு. ஸ்தோத்திரம்!"

சபையே கைதட்டியது. கொழுந்தன் மூன்றாவது வரிசையில் இருந்தான். ஆட்கள் திரும்பி அவன் முதுகைத் தட்டினார்கள். ஒரு அம்மா அவன் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவன் சிரிக்க முயன்றான்; அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பக்கத்தில் அவன் மனைவி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் நான் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். இவர் கையில் பாதி ராவிய சாவி அப்படியே இருந்தது.

"ராத்திரியெல்லாம் அவர் தூங்கல மாமா. எழுந்து எழுந்து உக்கார்றாரு. முடியாதுன்னு சொன்னா சபையில எல்லாரும் அவரைக் கொலைகாரனைப் பாக்கற மாதிரி பாப்பாங்க. சரின்னு சொல்ல அவருக்குத் தைரியம் இல்ல. நீங்க நன்றிதான் சொன்னீங்களா, இல்ல கழுத்துல கத்தி வச்சீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா, நான் ஒரு விசுவாசத்துல..."

"உரியவங்க சொல்லாம பூட்டைத் தொடமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்குவீங்களே! என் புருஷன் உடம்பை யார் சொல்லித் திறந்தீங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "ஏண்டி, கூடப் பிறந்தவர் சாகக் கிடக்கறாரு, நீ வந்து நியாயம் பேசறியா?" என்று பாய்ந்தேன். அவள் அழுதுவிட்டாள். "எனக்கு மட்டும் மாமா மேல பாசம் இல்லையா அக்கா? எனக்கும் பயமா இருக்கு" என்றாள். இவர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "அவ சொல்றது சரிதான்" என்றார். அவள் போன பிறகும் அந்தச் சாவியை அவர் ராவவில்லை.

வீட்டுக்கு வந்து நான் தெளிவாகச் சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சு. நீங்க ஒண்ணும் வேணும்னு பண்ணல. வாயை மூடிக்கிட்டு இருங்க. அவனா வருவான்." அவன் மாட்டிக்கொண்டது எனக்கு நல்லதாகவே பட்டது. இப்போது கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். புருஷன் உயிர் ஊசலாடும்போது எந்தப் பெண்டாட்டி தராசு பிடித்து நியாயம் நிறுப்பாள்?

அந்த வாரம் முழுக்க வீட்டில் மூச்சுவிடவே பயமாக இருந்தது. கையில் ஓட்டம் ஒருநாள் தெரிந்தது, ஒருநாள் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறி, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆக்சிஜனை மூக்கில் மாட்டியிருக்கும்போதுகூட மனுஷர் என்னிடம் சைகையில் கேட்கிறார், தம்பிக்கு யாராவது போன் பண்ணிவிட்டார்களா, பண்ணாதே என்று. ஆஸ்பத்திரியில் கொழுந்தனைத் தனியாகக் கூப்பிட்டு, மனசாரச் சம்மதமா என்று கேட்க அடுத்த வாரத்தில் ஒரு நாள் குறித்திருந்தார்கள். அதுவரைக்கும் இவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆம், நானும் வேண்டினேன், என் பாணியில்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம் வந்தது. இவர் எழப்போகிறார் என்று எனக்கு உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்துவிட்டது. சட்டை நுனியை இழுத்துப் பிடித்தேன். "நுணலும் தன் வாயால கெடும், தெரியும்ல? உக்காருங்க" என்று பல்லிடுக்கில் சொன்னேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு எழுந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொழுந்தன் கடைசியில், வாசலை ஒட்டி நின்றிருந்தான்.

"போன வாரம் நான் சொன்னது பொய் சாட்சி. எனக்குத் தராத ஒண்ணுக்கு நன்றி சொல்லிட்டேன். அது திருட்டு. என் தம்பி இன்னும் எதுவும் சொல்லல. அவன் சொல்லவும் வேண்டாம். அவன்கிட்ட யாரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. அவன் தந்தாலும் என் தம்பி, தராட்டாலும் என் தம்பி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இதுவரைக்கும் உயிரோட இருக்கேன். மெஷின் இருக்கு. ஊசி போடற பொண்ணு இருக்கா. என்னைத் திட்டறதுக்கு இவ இருக்கா. அதுக்கெல்லாம் ஸ்தோத்திரம்."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தலையை நிமிர்த்தியபோது வாசலில் கொழுந்தன் இல்லை.

வெளியே சபை மூப்பர் ஒருவர் இவரைப் பிடித்துக்கொண்டார். "விசுவாசத்துல ஆரம்பிச்சிட்டு இப்படிப் பின்வாங்கலாமா பிரதர்? வர்ற ஆசீர்வாதம் திரும்பிப் போயிடும்."

"திரும்பிப் போனா அட்ரஸ் தெரியும்ல, மறுபடி வரும் ஐயா" என்று சிரித்தார் இவர். ஆட்டோவில் ஏறியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. வழியெல்லாம் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

குறித்த நாளில் அவன் வரமாட்டான் என்றே நினைத்தேன். ஆனால் நாங்கள் போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, அண்ணனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். என் மனசு தாவிக் குதித்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்! பேர் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுபோல் என் வாழ்க்கையில் எங்கும் உட்கார்ந்ததில்லை. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஒரு முறை நாற்காலி நகர்ந்தது. பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எத்தனையோ பூட்டைத் திறந்த மனுஷர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ரத்தம் லேசாக ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். "மன்னிக்கணும். இவர் தானம் செய்யறதுக்குத் தகுதியில்ல. உடம்பு சம்பந்தமான காரணம். இதுக்கு மேல விவரம் சொல்ல முடியாது."

வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். தர வந்தவர் உள்ளே தனியாக, முடியாது என்று சொல்லிவிட்டால் டாக்டர்கள் காட்டிக்கொடுக்கமாட்டார்களாம். பழியை உடம்பின் மேல் போட்டு வெளியே அனுப்புவார்களாம். கொழுந்தன் டாக்டர் பின்னால் வந்தான். கண் தரையை விட்டு எழவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஏணியில் ஏறி இறங்குகிற உடம்புக்கு என்ன தகுதிக் குறைவு? "என்ன காரணம்? அதை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு!" என்று எழுந்தேன்.

என் மணிக்கட்டை இவர் இறுக்கிப் பிடித்தார். அந்த நோயாளிக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. என்னை உட்காரவைத்துவிட்டு, தம்பியைப் பார்த்து, "வந்தியேடா. நன்றிடா" என்றார். அவன் போகாமல் அண்ணன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நான் காத்திருந்தேன். சொல்லட்டும் பார்க்கலாம், இன்றைக்கு எதற்கு நன்றி சொல்லப்போகிறார் என்று. தட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்தார். ஒன்றும் வரவில்லை. சோறு ஆறியது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். எத்தனையோ ஊசிக்கு அழாத மனுஷர்.

"ஆண்டவரே, எனக்குச் சாகப் பயமா இருக்கு" என்றார் கடைசியில். "இவளைத் தனியா விட்டுட்டுப் போகப் பயமா இருக்கு. ஏன் இப்படின்னு எனக்குப் புரியல." நெடுநேரம் கழித்து, கேட்கிறதா கேட்கவில்லையா என்கிற குரலில், "ஆனாலும் ஸ்தோத்திரம்" என்றார். அந்த 'ஆனாலும்' அவர் வாயில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளன்று காலையில் வாசலில் கொழுந்தனின் பைக் நின்றது. அண்ணனைக் கூட்டிப்போக வந்தானாம். நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. வேலையை மாற்றி வைத்துக்கொண்டு வந்துவிடுவான். ஆஸ்பத்திரி வாசனை பட்டால் வெளுக்கிற அதே முகத்தோடு படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவான். ஊசி ஏறும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வான். நான் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிளாஸ்க்கில் டீயும் இரண்டு டம்ளரும் கொண்டுபோவேன், ஒன்று எனக்கு, ஒன்று இவருக்கு. வேண்டுமென்றேதான். இவர் என்ன செய்வார் தெரியுமா? தன் பங்கில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தம்பியிடம் நீட்டுவார்.

"அது உங்களுக்கு அளந்து தர்ற தண்ணி!" என்று கத்துவேன்.

"என் பங்குதானே? யாருக்குத் தரணும்னு நான்தான் சொல்லணும்" என்பார்.

ஒரு நாள் அப்படித்தான் டம்ளர் கை மாறியது. கொழுந்தன் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அன்னைக்கு உள்ள நான் என்ன சொன்னேன்னா..."

"தெரியும்டா."

"இல்ல, உனக்குத் தெரியாது. உடம்புல ஒரு கோளாறும் இல்ல. நான்தான்..."

"தெரியும்டா. கதவு திறந்து நீ வெளியே வந்தப்பவே உன் மூஞ்சில தெரிஞ்சுது. சின்ன வயசுல இருந்து பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

கொழுந்தன் வாய் கோணிக்கொண்டு கேட்டான். "அப்புறம் ஏன் எனக்கு நன்றி சொன்னே?"

"முடியாதுன்னு சொல்லிட்டு நீ பின்பக்கமாப் போயிருக்கலாம். போகாம, வந்து என் பக்கத்துல உக்காந்தே. எனக்குத் தம்பி மிஞ்சினானேடா."

அவன் படுக்கை விளிம்பில் தலையைச் சாய்த்தான். இவர் ஊசி குத்தாத கையை அவன் தலையில் வைத்தார். பாவி மனுஷன்! எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தப் பெஞ்சில் என் கையை அப்படிப் பிடித்தாரா? எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளும் அந்த ஒரு வாய் டீயைப் பங்கு போட்டாரா? என் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அவர் கையைத் தொட்டு ஓட்டம் பார்க்கும் ஒவ்வொரு காலையிலும் அது திரும்பி வருகிறது. கழுத்தில் குழாய் போடும் நாள் இன்னும் வரவில்லை. வராது என்று யாரும் சொல்லவும் இல்லை.

அதற்கடுத்த டயாலிசிஸ் நாளன்று கிளம்பும்போது பிளாஸ்க்கைப் பையில் வைத்தேன், டம்ளர்களை எடுத்தேன். கொஞ்ச நேரம் அலமாரி முன்னால் நின்றேன். பிறகு இன்னொரு டம்ளரையும் எடுத்துக் கழுவிப் பையில் போட்டேன்.

வார்டில் நான் மூன்று டம்ளரிலும் ஊற்றுவதை இவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார்.

"சொன்னீங்கன்னா கெட்ட கோபம் வரும்" என்றேன்.

சொல்லிவிட்டார்.